கடல் கடந்து இருப்பவரின் கூலி: மார்க்கமும் சட்டமும் சொல்வது என்ன?



வேலை தேடிக் கடல் கடந்து போவதும் அங்கிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் தென்காசி மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. இப்போது பணம் எதிர்த் திசையிலும் போகிறது. பிள்ளைக்கு இணையவழியில் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் உஸ்தாத் கெய்ரோவில் இருக்கிறார். ஆலங்குளத்துக் கடைக்கு இணையதளம் செய்து தருபவர் கொழும்பில் இருக்கிறார். பதிப்பகத்துக்கு அட்டைப்படம் வரைபவர் கோலாலம்பூரில் இருக்கிறார். யூடியூப் காணொளிகளை வெட்டி ஒட்டித் தருபவர் துபாயில் இருக்கும் நம் மச்சான். இவர்கள் யாரும் நம்மிடம் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் அல்லர். வேலையைப் பேசி, முடித்துக் கொடுத்து, கூலியை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தக்காரர்கள். ஃப்ரீலான்சர் என்று இன்று சொல்கிறோம்.

உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி பாக்கி என்றால் வாசலில் வந்து நிற்பார், ஜமாஅத்தில் சொல்வார். கெய்ரோவில் இருப்பவருக்கு 100 டாலர் பாக்கி என்றால் அவர் என்ன செய்ய முடியும்? அவருக்குச் சட்டம் உண்டு, ஆனால் கைக்கு எட்டாது. வழக்குப் போட்டால் வக்கீல் செலவே கூலியைத் தாண்டிவிடும். நம் வாக்கைத் தவிர அவருக்கு வேறு பிடிமானம் இல்லை. ஆகவே அந்தக் கூலி கடன் மட்டுமல்ல, அமானிதமும்கூட.

ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவதாக ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. புகாரியில் பதிவான செய்தி இது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. இவற்றிலிருந்து இரண்டு கடமைகள் தெரிகின்றன: கூலி முழுமையாகச் சேர வேண்டும், உரிய நேரத்தில் சேர வேண்டும். எல்லை தாண்டும்போது இந்த இரண்டையும் கெடுக்கக்கூடியவை நாணய மாற்று, வங்கிக் கட்டணம், வரி, தவறான வழி ஆகிய நான்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சம்பளக்காரரா, ஒப்பந்தக்காரரா?

ஃபிக்ஹு நூல்கள் கூலிக்கு வேலை செய்பவரை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. ஒருவர் தன் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தால் அவர் ‘அஜீர் காஸ்’. அந்த நேரத்தில் அவர் தயாராக இருந்தாலே கூலிக்கு உரியவர். நாம் வேலை கொடுக்காவிட்டாலும் கூலி உண்டு. பலருக்கும் வேலை செய்து, வேலைக்கு மட்டும் கூலி பெறுபவர் ‘அஜீர் முஷ்தரக்’. தையல்காரர், சாயம் போடுபவர் ஆகியோரைப் பழைய நூல்கள் உதாரணம் காட்டுகின்றன. இவருக்கு வேலை முடிந்தால்தான் கூலி. நம் ஊர் வழக்கில் சொன்னால், கொத்தனாரை நாள் கூலிக்கு அமர்த்துவதும் காண்ட்ராக்ட்டுக்கு விடுவதும்.

பெயரை மாற்றுவதால் உண்மை மாறாது. ஆலங்குளம் பகுதியில் பீடி சுற்றும் பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும். இலையும் தூளும் கம்பெனியுடையது, வேலை வீட்டில், கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. வீட்டிலிருந்து சுற்றுபவர் தொழிலாளியா என்ற கேள்விக்கு, 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவரையும் தொழிலாளி என்றே சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றமும் 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உறுதி செய்தது. பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்று நிறுவனம் சொல்லி வந்தது. 2021 பிப்ரவரி 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், அவர்கள் தொழிலாளர் உரிமைக்கு உரியவர்களே என்று தீர்ப்பளித்தது.

எனவே, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கணினி முன் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, லீவு கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டுவிட்டு, அவரை ‘ஒப்பந்தக்காரர்’ என்று எழுதிக்கொள்வது நேர்மையல்ல. மார்க்கத்தில் அவர் அஜீர் காஸ். அவர் வசிக்கும் நாட்டின் தொழிலாளர் சட்டமும் அவரை ஊழியராகக் கருத இடமுண்டு. வேலையைச் சொல்லுங்கள், கெடுவைச் சொல்லுங்கள். எப்படி, எந்த நேரத்தில் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். அப்போதுதான் அது ஒப்பந்தம்.

கூலி பேசாமல் வேலை இல்லை

‘முதலில் செய்யுங்கள், பிறகு பார்த்துக் கொடுக்கிறேன்’ என்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். கூலி தெரியாத ஒப்பந்தம் பழுதடைந்தது (ஃபாஸித்) என்றே ஃபுகஹாக்கள் சொல்கின்றனர். அப்படி வேலை நடந்துவிட்டால், அந்த வேலைக்குச் சந்தையில் என்ன கூலியோ அதை (உஜ்ரத்துல் மிஸ்ல்) கொடுக்க வேண்டும். நாம் மனதில் நினைத்திருந்த தொகை செல்லாது. ஆலங்குளத்துச் சந்தை விலை வேறு, கோலாலம்பூரின் விலை வேறு என்பதால் தகராறு அங்கேயே தொடங்கிவிடும்.

சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாறு இதற்கு நல்ல பாடம். எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம், கஷ்டம் கொடுக்க மாட்டேன் என்ற உறுதி ஆகிய மூன்றும் வேலை தொடங்கும் முன்பே பேசப்பட்டன. எது கடமை, எது உபகாரம் என்பதும் அங்கே பிரிக்கப்பட்டது. நம் ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவுதான் பெரும்பாலும் இருப்பதில்லை. ‘இன்னும் ஒரு சின்னத் திருத்தம்’ என்று பத்து முறை கேட்கிறோம். எத்தனை முறை திருத்தம் கூலிக்குள் அடங்கும், அதற்கு மேல் என்ன தொகை என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கூலி எப்போது கடமையாகிறது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஒப்பந்தம் ஆனதுமே கூலி அவருக்கு உரிமையாகிறது. ஹனஃபி மத்ஹபில், முன்பணம் என்று நிபந்தனை இல்லாவிட்டால், வேலை நிறைவேற நிறைவேறக் கடமையாகிறது. எந்த மத்ஹபிலும் இரு தரப்பும் சம்மதித்த தவணை செல்லும். தூரத்து வேலைக்கு ஏற்றது, வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதற்குரிய கூலியை அனுப்புவது. ஏமாறினாலும் ஏமாற்றப்பட்டாலும் நஷ்டம் ஒரு பகுதியோடு நின்றுவிடும்.

எந்த நாணயம்?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. கொழும்பில் உள்ளவரிடம் 60,000 இலங்கை ரூபாய் என்று பேசியிருந்தால், பேசிய நாளில் அது 300 டாலர். மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும்போது 171 டாலர்தான். 2024 மார்ச் 6 அன்று எகிப்து தன் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டதும், டாலருக்கு 31 பவுண்டு அளவில் இருந்தது ஏறக்குறைய 50 ஆனது. எண்ணிக்கை மாறவில்லை; கூலியின் வலிமை போய்விட்டது.

பேசிய நாணயத்தில் பேசிய எண்ணிக்கையைக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்பதே பெரும்பாலான ஃபுகஹாக்களின் நிலை. நாணயத்தின் விலை விழுந்தால் மதிப்பைக் கவனிக்க வேண்டும் என்று இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து ஹனஃபி நூல்களில் உள்ளது. சட்டப்படி எதைக் கொடுத்தால் தீரும் என்பது ஒருபுறம் இருக்கட்டும்; நாம் தாமதித்ததால் அவருக்கு நஷ்டம் வந்திருந்தால் அதை மனமுவந்து ஈடு செய்வதுதான் நல்லவர்களின் வழி. சிக்கலே வராமல் இருக்க, நிலையான நாணயத்தில் பேசி, வேலை முடிந்த சில நாட்களுக்குள் கொடுத்துவிடுவது சிறந்தது.

டாலரில் பேசிவிட்டு அவருடைய நாட்டு நாணயத்தில் கொடுக்கலாமா? கொடுக்கலாம். பகீஃ பகுதியில் ஒட்டகம் விற்ற இப்னு உமர் (ரலி) அவர்கள், தீனாருக்கு விற்றுவிட்டுத் திர்ஹம் வாங்குவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அன்றைய விலையில் வாங்கலாம், ஆனால் பாக்கி எதுவும் வைக்காமல் பிரிய வேண்டும் என்ற கருத்தில் பதில் வந்தது. இது அபூதாவூதில் உள்ளது. இதன்படி, மாற்று விலை பணம் செலுத்தும் நாளுடையதாக இருக்க வேண்டும். ஒப்பந்த நாளில் அதைப் பூட்டி வைக்கக் கூடாது. ‘அன்றைய விலை’ என்பதும் எது என்று பேசிக்கொள்ளுங்கள். கூகுள் காட்டும் விலைக்கும் வங்கி உண்மையில் நமக்கு டாலரை விற்கும் விலைக்கும் வித்தியாசம் உண்டு. வங்கிக் கணக்கில் வரவு வைப்பது கையில் கொடுத்ததற்குச் சமம் என்று 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி முடிவு செய்துள்ளது.

வழியில் கரையும் பணம் யாருடையது?

ஓர் உதாரணம். 200 டாலர் கூலி. நம் வங்கியில் 200 டாலருக்கான ரூபாயைக் கட்டிவிட்டோம். ஆனால் அவர் கணக்கில் 180 மட்டுமே வருகிறது. நம் வங்கிக்கும் அவர் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாததால், இடையில் உள்ள வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டது. ‘நான் அனுப்பிவிட்டேன்’ என்று நாம் சொல்கிறோம். ‘எனக்கு வரவில்லை’ என்று அவர் சொல்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

ஸ்விஃப்ட் முறையில் பணம் அனுப்பும்போது கட்டணம் பற்றி மூன்று தேர்வுகள் உண்டு. எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது என்பது ஒன்று. படிவத்தில் ஓ-யூ-ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். இருவரும் பங்கிட்டுக்கொள்வது எஸ்-எச்-ஏ. எல்லாம் பெறுபவர் தலையில் என்பது பி-இ-என். வேறு எதுவும் பேசப்படாவிட்டால், கூலியைச் சேர்ப்பிப்பது கூலி கொடுப்பவரின் பொறுப்பு. அவர் கணக்கில் 200 விழுந்தால்தான் நாம் 200 கொடுத்தவர்களாவோம். ஆகவே முதல் தேர்வைக் குறிப்பிடச் சொல்லுங்கள். வங்கிகள் வழக்கமாக இரண்டாவதைப் போட்டுவிடும், கேட்டால்தான் மாற்றுவார்கள். சிறு சிறு தொகையாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் கட்டணம் விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கார்டில் செலுத்தினால், வெளிநாட்டுச் செலவுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை வங்கி கூடுதலாக எடுக்கும். அதுவும் நம் செலவு.

எந்த வழியாக அனுப்பலாம்?

இந்தியாவிலிருந்து வெளியே போகும் பணத்தை ஆள்வது ‘ஃபெமா’ என்ற 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். வேலைக்குக் கூலி அனுப்புவது அதில் அனுமதிக்கப்பட்ட ஒன்றுதான். செய்ய வேண்டியது இவ்வளவு:

• அந்நியச் செலாவணிக்கு அனுமதி பெற்ற வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள் அல்லது அந்த வங்கியின் இணைய வசதியைப் பயன்படுத்துங்கள். ஏ2 படிவம், பான் எண், அவர் அனுப்பிய பில், ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

• எதற்காக அனுப்புகிறோம் என்பதற்கு ஒரு நோக்கக் குறியீடு உண்டு. வெளியே போகும் பணத்துக்கு எஸ் என்ற எழுத்திலும் உள்ளே வரும் பணத்துக்கு பி என்ற எழுத்திலும் அது தொடங்கும். கூலியை ‘குடும்பச் செலவு’ என்றோ ‘அன்பளிப்பு’ என்றோ குறிப்பிடுவது பொய், வசதிக்காகக்கூடச் செய்யாதீர்கள்.

• குடும்பத் தேவைக்காக, உதாரணமாகப் பிள்ளையின் உஸ்தாதுக்கு அனுப்புவது தனிநபருக்கான தாராள அனுப்புதல் திட்டத்தில் வரும். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப அதில் இடமுண்டு. வியாபாரத்துக்கான கூலியை வியாபாரக் கணக்கிலிருந்து, வியாபாரக் காரணத்தைக் காட்டியே அனுப்ப வேண்டும்.

பொருந்தாத வழிகளையும் தெரிந்துகொள்வது நல்லது. 2023 பிப்ரவரியில் தொடங்கிய யுபிஐ–சிங்கப்பூர் பேநவ் இணைப்பு, உறவினருக்கு அனுப்பும் பணம் போன்ற சொந்தத் தேவைக்கானது, வியாபாரக் கூலிக்கானதல்ல. வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவை இந்தியாவில் இயங்கும் திட்டத்தில் உள்ளே வரும் பணத்துக்கு மட்டுமே இடமுண்டு. கிரிப்டோ நாணயத்தில் கொடுத்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது இந்தியாவில் சட்டப்படியான பணம் அல்ல. அதைக் கைமாற்றுவதில் 2022 முதல் 30 சதவீத வரியும் 1 சதவீதப் பிடித்தமும் உள்ளன. வங்கி ரசீதும் கிடைக்காது.

உண்டியல் ஏன் கூடாது?

‘உண்டியலில் கொடுத்தால் கட்டணமும் இல்லை, கேள்வியும் இல்லை; ஹவாலா என்பது ஃபிக்ஹிலேயே உள்ள சொல்தானே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, பதிலும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஃபிக்ஹில் ஹவாலா என்பது கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாற்றுவது. ஓரூரில் பணம் கொடுத்து வேறூரில் பெறுவதற்கு ‘சுஃப்தஜா’ என்று பெயர். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் பணம் பெற்று, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள் என்ற செய்தி நூல்களில் உள்ளது. ஆக, முறையில் மட்டும் குற்றம் இல்லை. இன்றைய உண்டியலில் குற்றம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, நாட்டின் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. ஃபெமாவின் 3ஆம் பிரிவு அனுமதியற்ற வழியில் அந்நியப் பணப் பரிமாற்றத்தைத் தடை செய்கிறது. 13ஆம் பிரிவின்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பாவமில்லாத ஒரு விஷயத்தில் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவது நாம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை. இரண்டாவது, நாம் கொடுக்கும் நோட்டு யாரிடம் போகிறது, அங்கே அவருக்குக் கொடுக்கப்படும் நோட்டு எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. கடத்தல்காரரின் பணத்தை உஸ்தாதின் கையில் கூலியாகக் கொடுத்தவர்களாகிவிடக் கூடும். விசாரணை என்று வந்தால், 100 டாலருக்காகக் குடும்பமே அலைய நேரிடும். மூன்றாவது, சாட்சியமில்லை. பணம் போய்ச் சேரவில்லை என்றால் யாரிடமும் கேட்க முடியாது. வாங்கியவர் தன் வருமானத்தை நிரூபிக்க முடியாது. நாம் அதை வியாபாரச் செலவாகக் காட்டவும் முடியாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் கட்டளைக்கு நேர் எதிரான வழி இது.

வரி: பேசாமல் விட்டால் கூலி குறையும்

வியாபாரத்துக்காக வெளிநாட்டில் இருப்பவருக்குக் கூலி கொடுக்கும்போது பலரும் தவறவிடுவது டிடிஎஸ் எனப்படும் வரிப் பிடித்தம். வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவு என்று ஆடிட்டர்கள் இதைச் சொல்லி வந்தார்கள். உள்ளூர்க்காரருக்குக் கொடுப்பதுபோல், குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால்தான் பிடித்தம் என்ற விலக்கு இதில் இல்லை. அவருக்கு இந்தியாவில் வரி உண்டென்றால் முதல் ரூபாயிலிருந்தே பிடிக்க வேண்டும். ‘வேலை அங்கேதானே நடந்தது, இங்கே என்ன வரி’ என்ற வாதத்தை, தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்தைப் பொறுத்தவரை 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அடைத்துவிட்டது.

அந்த வகைக் கட்டணத்துக்கான பிடித்தம் 2023இல் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது; அதன்மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 20.8. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து ஆகிய நாடுகளுடன் இந்தியாவுக்கு இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடு உண்டு. அதன்படி வரி குறையலாம். சில வேலைகளுக்கு இல்லாமலும் போகலாம். அந்தச் சலுகைக்கு, அவர் தன் நாட்டு வரித்துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். 10எஃப் என்ற படிவமும் தர வேண்டும். பணம் அனுப்பும் முன் 15சிஏ படிவம், தேவையானால் ஆடிட்டரின் 15சிபி சான்று, பிடித்த வரியைக் கட்ட ‘டான்’ எண் ஆகியவையும் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. அனுப்பும் நாளில் உள்ள எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே மார்க்கக் கேள்வி ஒன்று வருகிறது. 200 டாலர் பேசிவிட்டு, வரி பிடித்து 158.40 அனுப்பினால் கூலியைக் குறைத்ததாகுமா? வரி உண்டு என்பது முன்பே பேசப்பட்டிருந்தால் ஆகாது. பிடித்த வரியை அவர் பெயரில் அரசுக்குக் கட்டிச் சான்றும் கொடுத்தால், அவர் தன் நாட்டில் அதைக் கழித்துக்கொள்ள வாய்ப்பும் உண்டு. பேசாமல் விட்டுக் கடைசியில் குறைத்தால் அது ஏமாற்றுதான். ‘கையில் 200 வேண்டும்’ என்று அவர் சொல்லி நாமும் ஒப்புக்கொண்டால் வரி நம்முடையது. அப்போது கணக்கு 200 கூட்டல் 20.8 சதவீதம் அல்ல, 252.53 டாலரில் 20.8 சதவீதம் போக 200 மிஞ்சும். அதாவது நம் செலவு 252 டாலருக்கு மேல். விலை பேசும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காவிட்டால், அந்தக் கூலியை வியாபாரச் செலவாகக் கழிக்கவும் முடியாது.

ஜிஎஸ்டியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து சேவையை வாங்கும் வியாபாரி, பெரும்பாலான சேவைகளுக்கு 18 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும். இதற்கு 20 லட்ச ரூபாய் வரம்பைக் காட்டிப் பதிவிலிருந்து தப்ப முடியாது. பதிவு செய்தவர், கட்டியதை விதிகளுக்கு உட்பட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். தன் குடும்பத் தேவைக்காக உஸ்தாதிடம் நேரடி வகுப்பு பெறும் தனிநபருக்கு இந்தச் சுமை இல்லை.

துபாய் மச்சானின் கூலி

நம் பகுதியில் அதிகம் நடப்பது இதுதான். வேலை செய்பவர் வளைகுடாவில் இருக்கும் உறவினர். ‘பணத்தை இங்கே வீட்டில் கொடுத்துவிடு’ என்பார். சுலபமாகத் தெரிகிறது. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு.

வரிச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் வசிப்பவர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பதாலோ, பணம் ஆலங்குளத்தில் கைமாறுவதாலோ அது மாறாது. டிடிஎஸ் கேள்வி அப்படியே நிற்கிறது. அவருடைய என்ஆர்இ கணக்கில் உள்ளூர் ரூபாயைப் போட முடியாது. என்ஆர்ஓ கணக்கில்தான் போட வேண்டும். அங்கிருந்து விதிகளுக்கு உட்பட்டு அவர் வெளியே எடுத்துக்கொள்ளலாம். தாயார் கணக்கில் போடுவதானால், அது அவருடைய கூலி என்றும் தாயார் பெற்றுக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார் என்றும் எழுத்தில் இருக்கட்டும். ஃபிக்ஹில் இது வகாலத். பொறுப்பு கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால், ‘வீட்டுச் செலவுக்குக் கொடுத்தாய் என்றல்லவா நினைத்தோம்’ என்று நாளை பாகப்பிரிவினையில் பேச்சு வரும்.

இன்னொன்றும் உண்டு. அவர் அங்கே ஒரு கம்பெனியின் விசாவில் இருக்கிறார். அமீரகத்தில் தனியாக வேலை எடுத்துச் செய்ய அதற்கான அனுமதி வேண்டும். அவருடைய வேலை ஒப்பந்தம் வெளி வேலையைத் தடுத்திருந்தால், நாம் கொடுக்கும் சிறு வேலை அவருடைய பிழைப்புக்கே ஆபத்தாகலாம். கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நம் பிள்ளைகள் கூலி வாங்கும்போது

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011இல் வந்த பிறகு, கணினி வேலைக்குச் சென்னை போக வேண்டியதில்லை என்ற நம்பிக்கை இந்தப் பகுதியில் பிறந்தது. வெளிநாட்டு வேலையை வீட்டிலிருந்தே எடுத்துச் செய்யும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்:

• வெஸ்டர்ன் யூனியன் போன்ற வழியில் கூலி வாங்காதீர்கள். அது சொந்தத் தேவைக்கு வரும் பணத்துக்கானது. ஒரு முறைக்கு 2,500 டாலர், ஆண்டுக்கு 30 முறை என்ற வரம்பும் உண்டு.

• வங்கி வழியாகவோ, ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்ட எல்லை தாண்டிய கட்டண நிறுவனங்கள் வழியாகவோ வாங்குங்கள். ஒவ்வொரு வரவுக்கும் அந்நியப் பண வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

• ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால், சேவை ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் இருக்க ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

• அமெரிக்கக் கம்பெனி டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம். நாம் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்று அறிவிப்பது அது.

வேலை பிடிக்கவில்லை என்றால், ஆளே காணாமல் போனால்

தட்டில் வைத்த பீடியில் சிலவற்றைக் கழித்துத் தள்ளிவிட்டுக் கூலியைக் குறைப்பது நம் தாய்மார்களுக்குப் பழக்கமான வேதனை. அதே வேதனையை நாம் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. நிராகரிப்பதானால், ஒப்பந்தத்தில் எழுதிய எந்த அளவுகோலுக்கு வேலை குறைந்தது என்று சொல்ல வேண்டும். நிராகரித்த வேலையைப் பயன்படுத்தவும் கூடாது. ‘நன்றாக இல்லை’ என்று சொல்லிக் கூலியை நிறுத்திவிட்டு, அதே அட்டைப்படத்தை அச்சிடுவது அபகரிப்பு.

வெளிநாட்டு ஒப்பந்தங்களில், தாமதமானால் மாதத்துக்கு இவ்வளவு சதவீதம் கூடுதல் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கடன் மீது காலத்துக்காக வளரும் தொகை வட்டி. கையெழுத்துப் போடும் முன் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவருடைய பயம் நியாயமானது என்பதால் பதிலாக வேறு உறுதி கொடுங்கள்: பாதி முன்பணம், பகுதி பகுதியாகக் கூலி, அல்லது அப்வொர்க் போன்ற தளங்களில் வேலை தொடங்கும் முன்பே பணத்தை நடுவரிடம் வைக்கும் முறை.

வேலையை முடித்துக் கொடுத்தவர் கூலியை வாங்காமலே தொடர்பற்றுப் போனால்? குகையில் அடைபட்ட மூவரின் ஹதீஸை நினைவுகூருங்கள். அவர்களில் ஒருவர், கூலியை விட்டுச் சென்ற தொழிலாளியின் பணத்தைத் தொழிலில் போட்டுப் பெருக்கி, ஆண்டுகள் கழித்து வந்தவரிடம் ஒட்டகம், மாடு, ஆடு என்று அனைத்தையும் ஒப்படைத்தார். பெருக்கிக் கொடுத்தது அவருடைய உபகாரம். பத்திரமாக வைத்திருப்பது நம் கடமை. மின்னஞ்சல், தொலைபேசி, பழைய வங்கிக் கணக்கு என்று எல்லா வழியிலும் தேடுங்கள். தொகையைத் தனியே எழுதி, வீட்டாருக்கும் தெரிவித்து வையுங்கள். நம் மரணத்துக்குப் பிறகு அது வாரிசுச் சொத்தில் கலந்துவிடக் கூடாது. கிடைக்கவே மாட்டார் என்று ஆகிவிட்டால் அவர் பெயரால் ஸதகா செய்யலாம். பிறகு அவர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

எழுத வேண்டியவை

ஒரு பக்கத் தாள் போதும். மின்னஞ்சலாக இருந்தாலும் சரி. இருவரும் ‘சம்மதம்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

1. வேலை என்ன, எது முடிந்தால் முடிந்ததாகும்.
2. கெடு, எத்தனை திருத்தம் கூலிக்குள் அடங்கும்.
3. கூலி எவ்வளவு, எந்த நாணயத்தில். வேறு நாணயத்தில் கொடுத்தால் எந்த நாளின், எந்த இடத்தின் மாற்று விலை.
4. வங்கிக் கட்டணம் யாருடையது.
5. வரி பிடித்தம் உண்டா. பேசிய தொகை வரிக்கு முன்பா, வரி போகவா.
6. எந்தக் கணக்கில், பில் வந்த எத்தனை நாளில்.
7. இடையில் நின்றுபோனால் முடிந்த அளவுக்கு எவ்வளவு.
8. செய்த வேலையின் உரிமை எப்போது நமக்கு வரும். முழுக் கூலி சேர்ந்த பிறகு என்பதே நியாயம்.

இந்த எட்டையும் பேச அரை மணி நேரம் ஆகும். பேசாமல் விட்டதை அவர் நம்மிடம் வாங்க முடியாமல் போகலாம். அவருக்கும் நமக்கும் இடையே கடலும் இரண்டு நாட்டுச் சட்டமும் இருக்கின்றன. மறுமையில் அந்தத் தூரம் இருக்காது. பேசிய கூலியை முழுமையாக, காலத்தோடு, நேர் வழியில் சேர்ப்பிக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.